இடுக்கியில் வந்த முட்டை

“தொடாதீங்க! கையை எடுங்க முதல்ல!”

வாசலில் குனிந்த கணவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் வெயில் ஏறும்வரை போர்வையை விடாத மனிதர், இன்றைக்கு என்னவோ விடிந்ததும் எழுந்து வந்திருந்தார். வாசல்படியின் நடுவே ஒரு முட்டை. ரத்தச் சிவப்பில் இருந்தது. விரல் விரித்த கை மாதிரி வெள்ளையாக ஓர் அச்சு வேறு.

“முட்டைதானே. யாராவது மறந்து வச்சிட்டுப் போயிருப்பாங்க.”

“குடையை மறந்து வைப்பாங்க, செருப்பை மறந்து வைப்பாங்க. செவப்பு முட்டையை யாரு மறந்து வைப்பா? இது செய்வினை!”

அவர் மனைவி தையல்காரம்மா, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இறுக்கிப் பிடித்தாள். பயம் தனக்காக அல்ல. உள்ளறையில் நிறைமாத மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். போன தடவை தங்கவில்லை. இந்தத் தடவையாவது தங்க வேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. முட்டை என்றால் கரு. அதில் ரத்தம் பூசி வாசலில் வைத்தால் என்ன அர்த்தம் என்று யாரும் பெற்றவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“யார் வேலைன்னு எனக்குத் தெரியும்” என்று கண்ணால் மேலே காட்டினாள்.

மாடியில் இருப்பவளின் பேரை அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. ஒருமுறை வாய்தவறி எடுத்த கணவருக்கு அன்று ராத்திரி சோறு கிடைக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து மாடிக்குப் போகும் கதவை ஆணியடித்து, தையல் மிஷினை அதன்மேல் சாத்தி வருஷங்கள் ஆகின்றன.

“சும்மா பழி போடாதே.”

“சும்மாவா? காய்கறிக் கடைக்காரர் சொன்னாரு. வெங்காயத் தோல் மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போனாளாம். வெங்காயம் வேண்டாமாம், தோலு! நேத்து அவ குப்பைக்கூடையில பாத்தேன், துண்டு துண்டா நூலு, கிழிஞ்ச காலுறை. இதெல்லாம் எதுக்கு? புள்ளை இல்லாதவ, வயித்தெரிச்சல்.”

“அவ குப்பையை நீ எதுக்குக் கிளறினே?”

அது அவள் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள். அடுப்படிக்குப் போய் இடுக்கியைக் கொண்டுவந்து, முட்டையை லாகவமாகப் பிடித்துத் தூக்கினாள்.

“அதை இங்கே கொடு, நான் ஒரு வழி பண்றேன்” என்றார் கணவர் அவசரமாக.

“வேண்டாம். ஏவினவ வாசலுக்கே போகட்டும்.”

வெளிப்படி வழியே விறுவிறுவென்று ஏறினாள். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே மேசைமேல் ஒரு கூடை நிறையச் சிவப்பு முட்டைகள். ஊருக்கே வைக்கப்போகிறாளா?

“என்னடி இது? என் பொண்ணு வயித்துமேல கண்ணா உனக்கு?”

மாடிக்காரி முட்டையைப் பார்த்தாள், இடுக்கியைப் பார்த்தாள், சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

“இன்னைக்கு ஈஸ்டர். வெங்காயத் தோல் போட்டு வேக வச்சா இந்த நிறம் வரும். அது கை இல்ல, கொத்தமல்லி இலை. இலையை ஒட்டி, காலுறைக்குள்ள போட்டு நூலால இறுக்கிக் கட்டி வேக வச்சா அப்படிப் பதியும்.”

“ஈஸ்டருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?”

“ஈஸ்டருக்கு முந்தின நோன்பு முழுக்க என் வீட்டுக்காரர் பக்கத்துல முட்டை தொட மாட்டாங்க. கோழிக்கு நோன்பு தெரியுமா? அது பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். சேந்ததையெல்லாம் இன்னைக்கு வேக வச்சுப் பங்கு போடுவாங்க. ஓடு, ஆண்டவரை வச்ச கல்லறை மாதிரி. வெளியிலேருந்து பாத்தா வெறும் கல்லு, உள்ளேருந்து உசிரு உடைச்சிட்டு வரும். செவப்பு, அவர் சிந்தின ரத்தம். இது சாவுக்கு வைக்கிறது இல்ல, உசிருக்கு வைக்கிறது.”

கதை நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே தையல்காரம்மா நம்பவில்லை.

“தெருவுல இத்தனை வாசல் இருக்கு. என் வாசல் மட்டும் எதுக்கு?”

“கீழ மிஷின் சத்தம் கேக்குது. முன்னெல்லாம் நீளமா ஓடும். இப்போ குட்டிக் குட்டியா ஓடி நிக்குது. சின்னச் சட்டை தைக்கிற சத்தம். உன் பொண்ணுக்கு நல்லபடியாப் பொறக்கணும்னு நோன்பு பூரா வேண்டிக்கிட்டேன்.”

“ஒட்டு வேற கேக்கிறியா?”

“காது இருக்கே, என்ன பண்ண?” மாடிக்காரி கிட்டே வந்தாள். “என் மாமியார் வீட்டுல ஒரு பழக்கம். முதல் முட்டையைப் பேச்சு அறுந்துபோன வீட்டு வாசல்ல வைக்கணும். அவங்க அதை எடுத்துக்கிட்டு நம்ம வாசலுக்கு வந்துட்டா, பகை தீந்துதுன்னு அர்த்தம். இடுக்கியில வந்தாலும் கணக்குல சேத்திதான்.”

தையல்காரம்மா நீட்டிய இடுக்கியைத் தாழ்த்தினாள். மாடிக்காரி அதிலிருந்து முட்டையை மெல்ல எடுத்துக்கொண்டு வழிவிட்டு நின்றாள்.

“வருஷா வருஷம் வைக்கிறேன். உனக்கு முன்னாடி எழுந்து வந்து மாமாதான் எடுத்துத் தின்னுடறாரு. கூடப் பொறந்தவ வீடு, உள்ள வா, அக்கா!”