ஐந்தாவது கால்

“அம்மா, ஆட்டுக்கு அஞ்சு காலா?”

கணினியை எட்டிப் பார்த்த மகளின் கேள்வியால், காப்புரிமை அதிகாரி மகேஸ்வரி, இளவரசன் என்பவனின் விண்ணப்பத்தை நிறுத்திவைத்தார். ட்ரோன் கோடிப் புள்ளிகளாகப் பதியும் மலைப் படத்தை, உருவம் மாறாமல் சிறிய கோப்பாகச் சுருக்கும் முறை அவனுடையது. அவன் அனுப்பிய மாதிரிப் படத்தில் மேய்ந்தது அந்த ஆடு.

“சுருக்கறதுக்கு முன்னாடியும் அஞ்சுதான் மேடம்,” என்றான் இளவரசன், வீடியோ விசாரணையில்.

“அப்போ உலகத்துல இல்லாத ஆட்டைச் சுருக்கியிருக்கீங்க. பத்து நாள்ல விளக்கம் வரலேன்னா நிராகரிப்புதான்.”

கள்ளக்குறிச்சியிலிருந்து, படம் எடுத்த மலைக் கிராமமான கரியாலூருக்கு ஓடினான். படத்தைப் பார்த்ததும் ஆட்டுக்காரர் குப்பன் சிரித்தார்.

“இது காலு இல்ல சார், மூங்கில் கழி. நீங்க வந்த மொத நாளு ஒங்க பறக்குற மிசினப் பாத்து மெரண்டு, பாறையில வுழுந்து கால ஒடிச்சிக்கிச்சு. நான்தான் வெச்சுக் கட்னேன்.”

“அன்னிக்கே ஏங்க சொல்லல?”

“வேலையா இருந்தீங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு வுட்டுட்டேன். இப்பவும் நொண்டிக்கினுதான் மேயுது.”

தன் தவறையும் சேர்த்து விளக்கம் எழுதி அனுப்பினான். காப்புரிமை கிடைத்தது.

மறுநாள், குப்பன் காட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் பட்டியில் ஒரு பெட்டைக் குட்டியைக் கட்டினான் இளவரசன். யாரும் பார்க்கவில்லை. கிளம்புமுன் அதன் கால்களை ஒருமுறை எண்ணிக்கொண்டான். நான்குதான்.