மொரேவியன் மாப்பிள்ளை

“கத்தோலிக்கன் வேணாம், லூத்தரனும் வேணாம், மொரேவியனா இருந்தா மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டு வான்னு சொன்னேனா இல்லையா?”

ஆப்பிரிக்க மலையூரான டுக்குயூவில், மொரேவியன் சபையின் பெண்கள் சங்கத் தலைவி செக்கேலா, வாழைக்காய்க் கறியைக் கிளறியபடியே கேட்டாள்.

“மொரேவியன்தாம்மா. வாசல்ல நிக்கிறார், நீயே கேட்டுக்கோ,” என்றாள் மகள் அடுபெலே. ஐரோப்பாவில் நர்ஸ் படிப்பை முடித்து நேற்றுதான் ஊர் திரும்பியிருந்தாள்.

நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான் ராடிம். வெள்ளைக்காரன். இந்த மலைக்கு சபையைக் கொண்டுவந்தவர்களும் வெள்ளைக்காரர்கள்தானே என்று செக்கேலா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

“நீங்க மொரேவியனா, தம்பி?”

“ஆமாம்மா. அப்பா, தாத்தா, முப்பாட்டன் எல்லாருமே மொரேவியன்தான்.” சுவாஹிலி அவனுக்குத் திக்கித் திக்கி வந்தது.

“நடுவுல யாரும் மாறிடலையே?”

“அது எப்படிம்மா மாற முடியும்? சென்சஸ் எடுக்க வந்தப்பகூட, மொரேவியன்னுதான் எழுதுவேன், வேற எதுவும் எழுத மாட்டேன்னு சண்டை போட்டேன்.”

செக்கேலாவுக்குக் கண் கலங்கியது. அரசாங்கத்துக்கே அஞ்சாத விசுவாசம்.

“பாட்டு வருமா?”

“பாட்டு இல்லாம எங்க ஊர்ல ஒண்ணும் நடக்காது.”

நற்கருணையைப் பற்றியும் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். “திராட்சரசம் எடுக்குறது உண்டா?”

“அறுவடை முடிஞ்சதும் ஊரே கூடி எடுப்போம்மா.”

“வருஷத்துக்கு ஒரு தடவைதானா? எங்க போதகர் அடிக்கடி தருவாரே.”

“ரொம்ப நல்ல மனுஷனா இருக்காரே,” என்றான் ராடிம், முகம் மலர்ந்து.

அடுபெலேவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

செக்கேலா மூலையில் உட்கார்ந்திருந்த தன் அண்ணனைப் பார்த்தாள். “அண்ணே, நீங்கதான் சாட்சி. என் பொண்ணை இவருக்கே குடுக்குறேன். இனி இந்தப் பேச்சு மாறாது.”

கியேலா அரிசிச் சோறும் கறியும் மேசைக்கு வந்தன.

“மாப்பிள்ளை, நீங்களே ஜெபம் பண்ணி ஆரம்பிச்சு வைங்க.”

எல்லாரும் கண்ணை மூடினார்கள். வெகுநேரம் சத்தமே இல்லை. செக்கேலா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். ராடிமின் காது மடல் சிவந்திருந்தது.

“மன்னிக்கணும்மா, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. மொரேவியாங்கிறது செக் நாட்டுல எங்க சீமையோட பேரு. எங்க வீட்ல மூணு தலைமுறையா யாரும் சர்ச் வாசலை மிதிச்சதே இல்ல.”