நெருப்புக்குக் கிட்ட வராதவள்

“எவ்வளவு திமிரு பாருங்க மொதலாளி! நானும் கூப்பிட்டுப் பாத்துட்டேன், அசைய மாட்டேங்குறா” என்றான் வண்டிக்கார மூக்கையா, தூரத்தில் இருந்த ஒரு தோட்டத்துப் பெண்ணைக் காட்டி.

ஜவாஹிர் தலை நிமிரவில்லை. கடைசி நெருப்புக் குச்சியில் பற்றிய நெருப்பு அது. மற்றதெல்லாம் காற்றுக்குப் போய்விட்டது. விறகை ஒவ்வொன்றாக வைத்து, குழந்தையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டியிலிருந்து அம்பிட்டிய வழியாக, மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கடை போடப் போகிறார். வண்டியில் கடைச் சாமான், மனைவி சித்தி றலியா, அவள் மடியில் கைக்குழந்தை. ஏற்றத்தில் மாடுகள் களைத்துவிட்டதால் பொழுது சாய்கிற நேரத்தில் பாதையோரம் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். தை மாதக் குளிர். சுற்றிலும் காய்ந்த மானாப்புல்.

நெருப்பு விஷயத்தில் ஜவாஹிர் யாரையும் நம்ப மாட்டார். வட்டமாகப் புல்லை வெட்டி, மண் தெரியும்வரை சுரண்டி, நடுவில் குழி தோண்டிக் கல் அடுக்கியிருந்தார். ஓடையில் கிடந்த ஈரக் கல் வெடிக்குமென்று அதை ஒதுக்கிவிட்டார். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வேறு.

“கஞ்சி காய்ச்சப் போறீங்களா, கல்லறை கட்டப் போறீங்களா?” என்று மூக்கையா கேட்டதற்கு, “சிரி, நல்லாச் சிரி. போன வருஷம் எவனோ தணல விட்டுட்டுப் போய் அந்த மலையே எரிஞ்சிச்சி. அல்லாவுக்குப் பதில் சொல்லத் தேவையில்லயா?” என்றார்.

அந்தத் தோட்டத்துப் பெண் தூரத்தில் ஒரு பாறையோரம் குந்தியிருந்தாள். மடியில் கம்பளியால் மூடிய பிள்ளை. பிள்ளை நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

காற்றுத் திரும்பியது. அவள் சட்டென்று எழுந்து பாறைக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

“அவ மேல பட்ட காத்துகூட நமக்குக் கிடைக்கக் கூடாதாம்!” என்றான் மூக்கையா.

ஜவாஹிர் கஞ்சியை ஒரு சிரட்டையில் ஊற்றி எடுத்துக்கொண்டு தானே போனார்.

“தங்கச்சி, புள்ளயத் தூக்கிட்டு நெருப்புக்குக் கிட்ட வாங்க. இதக் குடிங்க.”

“கிட்ட வராதீங்க!” அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

ஜவாஹிருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“எங்கட கையால வாங்கினா தீட்டா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொண்டுபோன கஞ்சியை அவர் திருப்பியே கொண்டுவந்தார். மனசு கொதித்தது. ஒரு வாய்க் கஞ்சி கொடுக்கப் போய் இப்படி அவமானமா?

“அந்தப் புள்ள பாவமே” என்றாள் சித்தி றலியா.

“தாய்க்குத் திமிர் இருந்தா புள்ள என்ன செய்ற?”

சாப்பிட்டு முடிந்தது. மூக்கையா மாடுகளைப் பூட்டினான். ஜவாஹிர் வாளியைத் தூக்கி நெருப்பில் ஊற்றினார். தடியால் கிளறி மறுபடியும் ஊற்றினார். புறங்கையைச் சாம்பலில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. இனி ஒரு பொறிகூட எழும்பாது.

“ஐயோ, ஊத்திட்டீங்களே ஐயா!”

அந்தப் பெண் பிள்ளையை அணைத்தபடி ஓடி வந்தாள். வந்தவள் வண்டிக்கு எட்டத்திலேயே நின்றுவிட்டாள். கறுத்துக் கிடந்த குழியைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“இப்ப மட்டும் நெருப்புக் கேக்குதா?” ஜவாஹிர் பொரிந்து தள்ளினார். “நெருப்ப விட்டுட்டுப் போறவன் மனுசனில்ல, நான் அப்படிச் செய்ய மாட்டேன். கூப்பிட்ட நேரம் ஏன் வரல்ல? சொல்லுங்க!”

அவள் கம்பளியைப் பிள்ளையின் முகத்திலிருந்து கொஞ்சம் விலக்கினாள்.

“புள்ளைக்கு அம்மை போட்டிருக்குங்க. லயத்து வீட்டுல இருக்க விடல. ஒங்க வண்டியில கைப்புள்ள இருக்கே ஐயா... அதான், நீங்க போனப்பறம் தணல்கிட்டக் கொண்டாந்து போடலாம்னு காத்துக்கிட்டிருந்தேன்.”