அப்பா தலையை ஆட்டினால்

“அம்மா எங்க?”

“செத்துப்போச்சு.”

ஜெயரூபன் மகளின் கன்னத்தை லேசாகத் தட்டினான். “சிரிச்சுக்கிட்டே சொல்லக்கூடாது டிலுக்ஷி. தலையக் குனிஞ்சுக்கணும். அப்பா தலையாட்டுனதும் சொல்லணும். இப்ப சொல்லு பாப்போம்.”

தலையை ஆட்டினான். மூன்றரை வயதுப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. “எங்க அம்மா செத்துப்போச்சு.”

“ஐயோ, எனக்கே அழுகை வருதுங்க” என்றபடி அடுப்படியிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள் யசோதினி. டிலுக்ஷி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா!”

“அம்மா இல்ல. சித்தி” என்றான் ஜெயரூபன்.

சின்னப் பிள்ளை உள்ள தாயை வெளிநாட்டு வீட்டு வேலைக்கு விடமாட்டார்கள். அதிகாரி வீடு தேடி வந்து விசாரித்த பிறகுதான் அனுமதி. பிள்ளையின் தாய் செத்துவிட்டாள், இவள் அவளுடைய கல்யாணமாகாத தங்கச்சி என்று சொல்லச் சொன்னவன் ஏஜன்சிக்காரன்தான்.

கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யாத கல்யாணம். அதுவும் தோதாகப் போயிற்று. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்பதால், தெரிந்த முகமே இல்லாத ஹாலிஎலயில் ஓர் அறை எடுத்து வந்திருந்தார்கள்.

“நீங்க போக வழியே இல்லையாங்க?”

“இருந்தா உன்ன அனுப்புவேனா? ஆம்பளைக்கு ஒரு எடமும் வரமாட்டேங்குது. ரெண்டே வருஷம் யசோ. டவுன்ல வீடு, டவுன்ல ஸ்கூல். இதுவும் நம்ம அம்மாமாரு மாதிரி கொழுந்துக் கூடையத் தூக்கணுமா?”

“கூடை வேணாம்.” அவள் பிள்ளையின் தலையைக் கோதினாள். “ஆனா நான் போன அன்னைக்கே இந்தப் பொய்ய மாத்திரணும். நான்தான் அம்மான்னு அதுக்குத் தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க.”

“மாத்திருவேன். அதுக்குப் போய்க் கவலப்படுறியே.”

மறுநாள் அதிகாரி கேசினி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். எதையும் லேசில் நம்பாத கண். யசோதினியின் தாலி அரிசி டின்னுக்குள் கிடந்தது.

கேசினி பெரியவர்களிடம் இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளையின் முன்னால் குந்தினாள். “குஞ்சு, அம்மா எங்க?”

டிலுக்ஷி யசோதினியைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்தது. யசோதினி மூச்சை அடக்கிக்கொண்டாள். கேசினியின் முதுகுக்குப் பின்னால் நின்ற ஜெயரூபன் மெல்லத் தலையை ஆட்டினான்.

பிள்ளை தலையைக் குனிந்தது. “எங்க அம்மா செத்துப்போச்சு.”

“ஐயோ, என்ர குஞ்சு.” கேசினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையைத் திறந்து ஒரு சொக்லட்டைக் கொடுத்தாள். பிறகு எதையும் துருவிக் கேட்கவில்லை.

அவள் படியிறங்கியதும் டிலுக்ஷி சொக்லட்டை யசோதினியிடம் நீட்டினாள். “பிரிச்சுக் குடு சித்தி.”

யசோதினி பிரித்துக் கொடுத்தாள். தாலியைச் சேலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கடியில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் குவைத்துக்குப் போனாள்.

“அவுங்க திரும்பி வாற வரைக்கும் வாயத் தொறந்துறாதீங்க” என்று ஏஜன்சிக்காரன் சொல்லியிருந்தான். ஜெயரூபனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி பலீலா, தாயில்லாப் பிள்ளையென்று பகல் முழுக்க டிலுக்ஷியைத் தன் மடியில் வைத்துச் சோறு ஊட்டினாள். அவளிடம் போய் இதெல்லாம் பொய் என்று எப்படிச் சொல்வது?

பஸ்ஸில், கடையில், கோயிலில் யார் கேட்டாலும் அவன் தலையை ஆட்டினான். பிள்ளை சொன்னது. கேட்டவர்கள் உச்சுக் கொட்டி ஏதாவது தின்னக் கொடுத்தார்கள்.

யசோதினிக்குப் போன் கையில் கிடைப்பது அந்த வீட்டார் எல்லாரும் படுத்த பிறகுதான். அந்நேரம் டிலுக்ஷி தூங்கியிருப்பாள்.

“மாத்திட்டீங்களா?”

“மாத்தியாச்சு, மாத்தியாச்சு. நீ வந்து பாரு.”

இரண்டு வருஷம் ஓடியது. பதுளை ஸ்டேஷனுக்கு மகளை அழைத்துப் போகும்போது சொல்லிவிடலாம் என்றுதான் ஜெயரூபன் நினைத்தான். நேரில் பார்த்தால் பிள்ளைக்குத் தானாகவே ஞாபகம் வந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

ரயில் வந்து நின்றது. யசோதினி பாதியாய் மெலிந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கழுத்தில் தாலி இருந்தது. வரும் வழியிலேயே கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து மகளின் முன்னால் முழங்காலிட்டாள். தொட முதலில் கை வரவில்லை. கைப்பைக்குள் துழாவி, பளபளவென்று ஒரு பெரிய சொக்லட்டை எடுத்து நீட்டினாள்.

“தங்கம்... அம்மா எங்க? அம்மா எங்க, சொல்லு பாப்போம்?”

டிலுக்ஷி சொக்லட்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

ஜெயரூபன் கண்ணீரோடு சிரித்தான். சொல்லு என்று தலையை ஆட்டினான்.

டிலுக்ஷி தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினாள்.

“எங்க அம்மா செத்துப்போச்சு.”