ஆறாவது ஞாயிற்றுக்கிழமை

வாசலில் நின்றவனின் பேன்ட் பை புடைத்திருந்ததைத்தான் சங்கரபாண்டி முதலில் பார்த்தார். அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றான். குவார்ட்டர் பாட்டில் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

புரியாமல் எப்படி இருக்கும்? நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே வாசலில் அவரும் அப்படித்தான் வந்து நின்றார்.

"உள்ள வாங்க தம்பி. சாரல்ல நனையாதிய."

குற்றாலம் ரோட்டிலிருந்து உள்ளடங்கிய பழைய லாட்ஜ் அது. அதன் சாப்பாட்டு ஹாலை முதலாளி ஞாயிறு சாயங்காலம் மட்டும் சும்மா தந்திருந்தார். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடிப் பேசுகிற இடம்.

ஒரு காலத்தில் பதினொரு பேர் வந்தார்கள். ஒருவர் துபாய் போனார், மூன்று பேர் திரும்ப மதுக்கடைக்கே போனார்கள், மற்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். சங்கரபாண்டியைக் கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்த நாறும்பூநாதனே சித்திரை மாதம் மறுபடி குடித்துச் செத்துப்போனார்.

ஐந்து ஞாயிறாக ஈ காக்கை வரவில்லை. ஐந்து ஞாயிறும் சங்கரபாண்டி ஏழு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒரு மணி நேரம் ஒற்றையாக உட்கார்ந்திருந்து, திரும்ப அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போகிற வழியில் கடை இருக்கிறது. போன ஞாயிறு அதன் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கியே விட்டார். எப்படியோ மறுபடி ஏறி வீடு வந்து சேர்ந்தார். இன்றைக்கும் யாரும் வராவிட்டால் சைக்கிளில் திரும்ப ஏற மாட்டோம் என்பது அவருக்கே நன்றாகத் தெரியும்.

இதோ, ஒருவன் வந்துவிட்டான். சங்கரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, நான் எதுக்கு வந்தேன்னா..."

"சொல்லாண்டாம். இங்கன பேரு, ஊரு, பாக்குத சோலி எதையும் கேக்கக்கூடாது. அதுதான் எங்க மொத சட்டம். ஒங்களுக்கா எப்பம் தோணுதோ அப்பம் சொன்னாப் போதும்."

அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் உட்காரவில்லை. நாலு சுவரையும் பார்த்தான், ஃபேனை அண்ணாந்து பார்த்தான், மூலையில் கை கழுவுகிற குழாயைத் திறந்து மூடினான். முதல் நாள் வருகிறவனுக்கு நிலைகொள்ளாதுதான். அன்றைக்கு இவரும் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தவர்தானே.

"எடத்தக் கண்டுபிடிக்கச் செரமமா இருந்துச்சோ?"

"ஆமா அண்ணாச்சி. மெயின் ரோட்டுலருந்து பாத்தா தெரியவே மாட்டேங்கு. பெருசா ஒரு போர்டு வைக்கணும்."

வந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் கூட்டத்தின்மேல் இவ்வளவு அக்கறை. சங்கரபாண்டிக்குத் தெம்பு வந்துவிட்டது. பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் கையில் கொடுத்து, அவனை எதிர் நாற்காலியில் உட்காரவைத்துத் தன் கதையைச் சொன்னார்.

ஒன்றையும் மறைக்கவில்லை. மகள் வேல்விழியின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வேட்டி நழுவ விழுந்து கிடந்தது, அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது, இன்றுவரை அவள் 'அப்பா' என்று கூப்பிடாதது, எல்லாவற்றையும் சொன்னார். எதிரே ஓர் ஆள் இருந்தால்தான் இதெல்லாம் வாய்க்கு வருகிறது.

"நீங்க ஒண்ணுமே பேசாண்டாம் தம்பி. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து சும்மா உக்காந்திருங்க. நீங்க வந்தா நானும் இன்னொரு வாரம் குடிக்காம இருந்துருவேன்."

அவன் காப்பியைத் தொடவே இல்லை. குனிந்த தலை குனிந்தபடி இருந்தவன், புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"பையில இருக்கத எடுத்துக் கீழ வைங்க," என்றார் சங்கரபாண்டி மெதுவாக. "நானும் அன்னைக்கு இங்கனதான் எடுத்து வச்சேன்."

அவன் தயங்கித் தயங்கி எடுத்தான். கொத்தனார்கள் வைத்திருக்கிற, இழுத்து அளக்கிற டேப்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நீங்க என்னச் சொல்ல விடல. லாட்ஜ் முதலாளி இந்த ஹால எங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டாரு. ரோட்டு மேல இருக்க கடைய இந்தத் தெருவுக்கு மாத்துதாவ. ஒண்ணாந்தேதியிலருந்து இங்கன பார் வருது. அளவெடுக்கத்தான் வந்தேன்."

சங்கரபாண்டி எழுந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அவன் ஒத்தாசைக்கு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர், செருப்பை மாட்டிக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தன மணிக்குத் தொறப்பீய?"