கடைசித் தாளின் பின்பக்கம்

“நான் படிச்ச நாட்டுல, தெருவுல போறவங்களை நிறுத்தி நீ யாருன்னு போலீஸ்கூடக் கேட்க முடியாதுய்யா!” என்று அடுக்குமாடியின் வாசல் காவலாளியிடம் எகிறினார் பேராசிரியர்.

கட்டாய அடையாள அட்டையை எதிர்த்து மாலையில் பேசவேண்டிய உரையும் கையுமாக அவர் இறங்கி வந்திருந்தார். அவர் வீட்டுச் சமையல்காரம்மா, வேலையாட்களுக்கான நுழைவு அட்டையை மறந்துவிட்டு வந்ததால், ஒரு மணி நேரமாக வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார்.

“பத்து வருஷமா வர்றாங்க. இவங்க யாருன்னு உனக்குத் தெரியாது?”

“தெரியும் சார். என் கூடப்பிறந்த அக்கா. ஆனா அட்டை இல்லாம உள்ளே விட்டா என் வேலை போயிடும்.”

“அவனைத் திட்டாதீங்கய்யா” என்றார் அக்கா.

“எந்தப் புத்திசாலி போட்ட ரூல் இது?”

“குடியிருப்போர் சங்கம் சார். மீட்டிங்ல நீங்களும் கை தூக்கினீங்க.”

பேராசிரியரின் குரல் சட்டென்று இறங்கியது. “இப்ப என்னப்பா பண்றது?”

“இன்னார் எங்க வீட்டுல வேலை செய்றாங்கன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுங்க சார், போதும்.”

“இவ்வளவுதானே!”

உரையின் கடைசித் தாளைத் திருப்பி, தேதி போட்டார். ‘எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகளாகச் சமைத்துவரும் திருமதி’ என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

வாசலுக்கு வெளியே பார்க்காமல், காவலாளியின் காதருகே குனிந்தார்.

“உன் அக்கா பேரு என்னப்பா?”