அதே வலி

“படி ஏற முடியல டாக்டர். எழுந்திருக்கும்போதே முனகறா. பாக்க மனசு தாங்கல” என்றார் கணவர். பக்கத்தில் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“நானும் தசை வீக்கம்னுதான் நினைச்சேன். ரத்தம் பாத்தா கால்சியம் எகிறிக் கிடக்கு. கழுத்துல ஒரு குட்டிச் சுரப்பி பண்ற வேலை. அதை எடுத்துட்டா துள்ளிக் குதிப்பா.”

“உடனே எடுத்துடுங்க. எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல.”

மனைவி வெடித்தாள். “நானும் மூணு வருஷமா இப்படித்தானே முனகறேன்? தசை வீக்கத்துக்கு மாத்திரை தின்னு மூஞ்சி பூசணியா ஊதினதுதான் மிச்சம். ஒருநாளாவது எனக்குக் கால்சியம் பாக்கச் சொன்னீங்களா?”

கணவர் மேசைமேல் படுத்திருந்த நாயைத் தடவிக்கொடுத்தார்.

மனைவி கால்நடை மருத்துவரிடம் கையை நீட்டினாள். “எனக்கும் ரத்தம் எடுங்க டாக்டர். வேணும்னா குரைச்சுக் காட்டறேன்.”